நாய் இல்லாத வீடு

எங்கள் குருநாகலில் பெண் குழந்தை பிறந்தால் ஜாதகம் எழுதுவதற்கு முன்னால் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள். பக்கத்தில் குடியிருக்கிற பிள்ளைகளுக்குத்தான் அங்கே முதலில் இடம். தூரம் குறைவென்றால் பிள்ளை அதிர்ஷ்டக்காரி. அதிகமென்றால் தகப்பன் கையாலாகாதவன். பள்ளிக்கூடத்து மதிலை ஒட்டிய சந்துகளில் காற்றே நுழையாத வீடுகளுக்குக்கூட அத்தனை மவுசு இருப்பது இதனால்தான்.

லலந்த கையாலாகாதவன் என்று பெயரெடுக்கத் தயாராக இல்லை. அவனுக்கும் மனைவி துஷாரிக்கும் நாரம்மலையில் நல்ல வீடு இருந்தது. முற்றத்தில் ரம்புட்டான் மரம், பின்னால் தென்னை, வாசலில் கலு என்ற கறுப்பு நாய். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் குருநாகல். அந்த ஒரு மணி நேரம்தான் பிரச்சினை. மகள் வினுகி நடை பழகும்போதே லலந்த ஒரு காரியம் செய்தான். அவனோடு உரக் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் மகனுடன் இத்தாலிக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடத்துப் பின்மதில் சந்தில் இருந்த அவருடைய வீட்டைத் தன் பெயருக்குக் குத்தகை எழுதிக்கொண்டான். வாக்காளர் பதிவை அங்கே மாற்றினான். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும் ஆள் இருப்பதுபோல் மின்சார பில் வர வேண்டுமே! ஒரு ஞாயிறு போய் எல்லா விளக்கையும் போட்டுவிட்டு வருவான். அடுத்த ஞாயிறு போய் அணைத்துவிட்டு வருவான். இப்படி நாலைந்து வருஷம் யாருமில்லாத வீட்டுக்கு வெளிச்சம் காட்டினான்.

இப்போது வினுகிக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. விண்ணப்பம் போட்டு, நேர்முகமும் ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து, உண்மையிலேயே இந்த வீட்டில்தான் குடியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். எப்போது வருவார்கள் என்று சொல்ல மாட்டார்கள். பல் விளக்கும் நேரத்திலும் வரலாம், சோறு வடிக்கும்போதும் வரலாம். அலமாரியைத் திறப்பார்கள், மிளகாய்த்தூள் டப்பாவை ஆட்டிப் பார்ப்பார்கள். முந்தின வருஷம் ஒரு வீட்டில் தூசியே இல்லை என்பதற்காகச் சந்தேகப்பட்டார்களாம். அப்புறம் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் பேசுவார்கள். அங்கேதான் பல வீடுகள் கவிழ்ந்திருக்கின்றன.

ஆகவே துஷாரி வங்கியில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, மகளோடு அந்த வீட்டுக்குள் புகுந்தாள். லலந்த நாரம்மலையிலேயே இருந்தான். நாய்க்குச் சோறு போட ஆள் வேண்டும். ஆனால் அவனும் இங்கேதான் குடியிருக்கிறான் என்று தெரிய வேண்டாமா? அவன் போடாத சட்டையைத் துஷாரி தினமும் நனைத்து, பிழிந்து, முன்கொடியில் காயப்போட்டாள். சாயங்காலம் எடுத்து மடித்து வைத்து, மறுநாள் மறுபடி நனைத்தாள். சுவரில் வீட்டுக்காரரின் குடும்பப் படம் இருந்த இடத்தில் தங்கள் கல்யாணப் படத்தை மாட்டினாள். பழைய படம் பெரியது. புதுப் படத்தைச் சுற்றி நாலு பக்கமும் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. லலந்த படத்தைப் பெரிதாக்கி வரும்வரை அந்த வெளுப்பைப் பார்த்துப் பார்த்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

கடைக்குப் போனால் அந்த நேரம் பார்த்து வந்துவிடுவார்கள் என்று கடைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்தால் கதவு தட்டுவது கேட்காது என்று பயந்து பயந்து குளித்தாள். ஊருக்கு மேலே நிற்கிற ஆனைப்பாறை பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டுப் பொழுது சாய்ந்த பிறகு வீடுகளின் மேல் ஊதும். அந்தச் சூடு சந்துக்குள் போக வழியில்லாமல் அங்கேயே நிற்கும். பள்ளிக்கூடத்து மணி அடிக்கும்போதெல்லாம் துஷாரிக்கு நெஞ்சு ஒருமுறை அடங்கி எழும். யாரும் அவளைப் பூட்டி வைக்கவில்லை, சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் வெளியே போக முடியாது.

தினமும் விளக்கு வைத்ததும் தாயும் மகளும் புத்தர் படத்தின் முன்னால் உட்கார்ந்து, உயிரைக் கொல்ல மாட்டேன், திருட மாட்டேன் என்று தொடங்கும் ஐந்து சீலமும் சொல்வார்கள். அது நாரம்மலையிலிருந்தே உள்ள பழக்கம். வினுகி கைகூப்பிக் கண்ணை மூடி, பாளி வரிகளைக் கிளி மாதிரி ஒப்பிப்பாள். முடிந்ததும் துஷாரி அங்கிருந்து எழுந்திருக்கக்கூட மாட்டாள். அதே பாயில் அடுத்த பாடம் தொடங்கிவிடும்.

"உங்க வீடு எது மகளே?"

"இதுதான் டீச்சர்."

"எப்பலேருந்து இங்க இருக்கீங்க?"

"நான் சின்னப் பாப்பாவா இருக்கும்போதுலேருந்து."

"அப்பா எங்க தூங்குவாரு?"

"அந்தக் கட்டில்ல. ஜன்னல் பக்கம்."

"வீட்டுல நாய் பூனை இருக்கா?"

இந்தக் கேள்வியில்தான் வினுகி தடுமாறுவாள். "கலு..." என்று வாய் போய்விடும். உடனே துஷாரிக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

"கலு கிலுன்னு சொன்னா அடி வாங்குவ. இந்த வீட்டுல நாய் இல்ல. உனக்கு நாயே இல்ல. சொல்லு."

"எனக்கு நாய் இல்ல டீச்சர்."

"தலையைக் குனியாத. அவங்க கண்ணப் பாத்து, லேசா சிரிச்சுக்கிட்டு சொல்லணும். குனிஞ்சா பொய்னு கண்டுபிடிச்சிருவாங்க. கடைசியா என்ன சொல்லணும்?"

"நான் பொய் சொல்ல மாட்டேன் டீச்சர்."

"அதான் என் தங்கம்."

துஷாரி கெட்டவள் அல்ல. வங்கியில் ஒரு ரூபாய் கூடுதலாக வந்தாலும் ஆளைக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுப்பவள். இது பிள்ளைக்காக, ஒரு தடவைக்காக, எல்லாரும் செய்வதுதானே என்று நினைத்தாள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறோம். பிள்ளை அந்த ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்ளும் என்று யார் நமக்கு எழுதிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

வீட்டின் பின்கட்டில் இன்னொரு குடும்பம் இருந்தது. மங்கலிகா, அவள் புருஷன், மகள் திசரி. புருஷன் தம்புள்ள பஸ்ஸில் டிரைவர். மங்கலிகா விடியுமுன் இடியாப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுவாள். திசரி பிறந்ததே அந்தப் பின்கட்டில்தான். அவளுக்கும் வினுகி வயதுதான். அவளும் அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே முதலாம் வகுப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். ஆனால் அவர்களிடம் குத்தகைப் பத்திரம் இல்லை. ஒரே முகவரிக்கு இரண்டு பத்திரம் எழுத முடியாது என்று வீட்டுக்காரர் இத்தாலியிலிருந்து கையை விரித்துவிட்டார். லலந்தவுக்கு எழுதிக் கொடுத்தாயிற்றே. வாக்காளர் பதிவு இருந்தது, மற்றபடி ஆட்கள் நேரில் வந்து பார்த்து, அக்கம்பக்கத்தில் கேட்டு நம்பினால்தான் திசரிக்கு இடம்.

குழந்தைகளுக்கு இதெல்லாம் தெரியுமா? வந்த அன்றைக்கே இரண்டும் ஒட்டிக்கொண்டன. திசரி ஒரு வினோதமான பிள்ளை. எறும்பு வரிசையைக் கண்டால் தாண்டித்தான் போவாள், மிதிக்க மாட்டாள். பக்கத்து வீட்டு நெல்லி மரத்திலிருந்து காய் இந்தப் பக்கம் விழுந்தால் பொறுக்கிக்கொண்டு போய், "மாமி, உங்க காய் எங்க வீட்டுல விழுந்துச்சு, நான் சாப்பிடலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் போடுவாள். வினுகி முதல் நாள் கேலி செய்தாள். மூன்றாம் நாள் அவளும் எறும்பைத் தாண்டினாள். நாலாம் நாள் நெல்லிக்காயை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனாள். வினுகிக்குக் காய்ச்சல் வந்தபோது வைத்தியரிடம் போகவும் முடியாமல் துஷாரி தவித்தாள். மங்கலிகாதான் கொத்தமல்லி போட்டு அவித்துக் கொண்டுவந்து, தலையைப் பிடித்துப் புகட்டினாள்.

ஒரு நாள் விளக்கு வைத்துச் சீலம் சொல்லும்போது துஷாரிக்கு ஏதோ இடறியது. வினுகி மூன்று வரி சொன்னாள், கொஞ்சம் மூச்சு விட்டாள், நேரே ஐந்தாவதுக்குப் போய்விட்டாள்.

"ஒண்ணை விட்டுட்டியே. மறந்துபோச்சா?"

"மறக்கல."

"பின்ன?"

"நாலாவது வரின்னா பொய் சொல்ல மாட்டேன்னு அர்த்தமாம். திசரியோட அம்மா சொல்லிக் குடுத்தாங்களாம். அதைச் சொல்லிட்டு உடனே நாய் இல்லன்னு எப்பிடிம்மா சொல்றது? அதான் அதை விட்டுட்டேன். மத்த நாலையும் சொல்லிட்டேன்ல?"

துஷாரிக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையின் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதை ஒப்புக்கொண்டால் அன்றைக்கே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

"அஞ்சும் சொல்லணும். சாமிகிட்ட சொல்றது வேற, இது வேற."

"சாமிக்குத் தெரியாதா?"

"வாயாடாத. சொல்லு."

வினுகி சொன்னாள். ஆனால் நாலாவது வரியில் குரல் உள்ளே போய்விட்டது.

மறுநாள் லலந்த வந்தபோது துஷாரி இதைச் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"அந்தப் பின்கட்டுப் பொண்ணோட சேர விடாதன்னு சொன்னேனா இல்லையா? நாலு மாசம் நாம கத்துக் குடுத்ததை அது நாலு நாள்ல கெடுத்துருச்சு."

"கெடுத்துருச்சுன்னு எப்பிடிச் சொல்றீங்க? பொய் சொல்லாதன்னுதானே சொல்லிருக்கு."

"இப்ப அதுதான் கெடுதல். அவ அம்மா என்ன சொன்னா தெரியுமா? நான் பேச்சுக் குடுத்துப் பாத்தேன். 'நாங்களா போய் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டோம் ஐயா. ஆனா வந்து கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவோம்'ங்கிறா. வந்து கேட்டா நம்ம கதை கந்தல். அவங்க வீட்டுல இல்லாத நேரமா பாத்து ஆளுங்க வரணும். வந்தா ரெண்டு லாபம். நம்மளப் பத்திச் சொல்ல ஆள் இல்ல. பூட்டின வீட்டைப் பாத்துட்டு அவங்க பேரை அடிச்சிருவாங்க. ஒரு இடம் கூடும்."

"பாவம்ங்க."

"பாவம் பாத்தா பிள்ளையை நாரம்மலையிலயே போட்டு மாடு மேய்க்க விடு."

வினுகி அங்கேதான் தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகளுக்குக் காது கிடையாது என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம்.

அன்றிலிருந்து பின்வாசல் கதவு பூட்டப்பட்டது. திசரியோடு விளையாடக் கூடாது. வினுகி அழுதாள், சோற்றைத் தள்ளினாள், பிறகு அமைதியாகிவிட்டாள். நாலைந்து நாள் கழித்து அவள் கவுனைத் துவைக்க எடுத்தபோது பையில் நெல்லிக்காய் இருந்தது. சமையலறை ஜன்னல் கம்பி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும்.

"இது யாரு குடுத்தா?"

"யாரும் குடுக்கல. முன்வாசல்ல கிடந்துச்சு."

"திசரிகிட்ட பேசினியா?"

"இல்லம்மா."

வினுகி நிமிர்ந்து தாயின் கண்ணைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேன்" என்றாள்.

துஷாரியின் கையில் கவுன் அப்படியே நின்றது. அவளுக்குப் பயம் வந்தது. தன் பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு வரக்கூடாத பயம். அடிக்கலாமா என்று கை எழுந்தது. எதைச் சொல்லி அடிப்பது? சொல்லிக் கொடுத்ததைச் சரியாகச் செய்ததற்கா? கவுனை வாளியில் போட்டாள். அன்று சாயங்காலம் வினுகி ஐந்து சீலமும் கணீரென்று சொன்னாள். நாலாவது வரியில் குரல் இடறவே இல்லை. லலந்த போனில் கேட்டபோது துஷாரி, "தேறிட்டா" என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரக் கடைசியில் மங்கலிகா முன்வாசலுக்கு வந்தாள். கையில் ஒரு தட்டில் பாற்சோறும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும். பக்கத்தில் வெள்ளைக் கவுனில் திசரி.

"அக்கா, மாமியார் செத்து மூணு மாசம் ஆகுது, ஊர்ல பிக்குமாருக்குத் தானம் குடுக்கிறோம். ராவு தங்கிட்டு நாளைக்கு வந்துருவோம். எங்க போனாலும் இந்தப் பள்ளிக்கூடத்து ஆளுங்க நெனப்புதான். நாங்க இல்லாத நேரம் வந்துட்டாங்கன்னா, தானத்துக்குப் போயிருக்காங்க, இங்கதான் குடியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

துஷாரி தட்டை வாங்கிக்கொண்டாள். "சொல்றேன் தங்கச்சி."

"உங்கள நம்பித்தான் போறேன் அக்கா. எங்ககிட்ட காகிதம் இல்ல. உங்க வாய் வார்த்தைதான் எங்களுக்குப் பத்திரம்."

"போயிட்டு வா. நான் இருக்கேன்ல."

மனதாரத்தான் சொன்னாள். அந்தப் பாற்சோற்றைத் தொட அவளால் முடியவில்லை என்பதும் உண்மை. வினுகி முழுவதையும் சாப்பிட்டாள்.

நாம் கும்பிட்டுக் கேட்டது நடந்துவிட்டால் சில நேரம் அதைவிட மோசம் வேறில்லை. மறுநாள் காலையிலேயே கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்டிச் சேலை கட்டிய ஒரு பெரிய டீச்சர், நரைத்த கொண்டை, கையில் குடை. கூடவே கோப்பு தூக்கிய ஓர் ஆள். டீச்சர் அதட்டவில்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவும் இல்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கொடியில் ஈரச் சட்டையைத் தொட்டுப் பார்த்தார், கல்யாணப் படத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்புறம் பாயில் வினுகி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"பேரு என்ன மகளே?"

"வினுகி டீச்சர்."

"இது உங்க வீடா?"

"ஆமா டீச்சர். நான் சின்னப் பாப்பாவா இருக்கும்போதுலேருந்து இங்கதான் இருக்கோம். அப்பா அந்தக் கட்டில்ல தூங்குவாரு. ஜன்னல் பக்கம்."

"அப்படியா! நாய், பூனை ஏதாவது வளக்கிறீங்களா?"

"இல்ல டீச்சர். எங்க வீட்டுல நாய் இல்ல."

ஒரு சொல் பிசகவில்லை. வாசல்படியில் நின்ற துஷாரிக்கு மூச்சு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான், கதவு திறந்துவிடும், வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றியது. டீச்சர் எழுந்துகொண்டே பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"பின்கட்டு பூட்டியிருக்கே. அங்கயும் ஒரு பிள்ளை விண்ணப்பம் போட்டிருக்கு. திசரின்னு பேரு."

"அவங்க டீச்சர்..." என்று துஷாரி வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள்.

வினுகி முந்திக்கொண்டாள்.

"அவங்க இங்க இல்ல டீச்சர். அவங்க வீடு நாரம்மலையில இருக்கு. பெரிய வீடு. ரம்புட்டான் மரம் இருக்கு. பள்ளிக்கூடத்துக்காக இங்க சாமான் கொண்டாந்து வச்சிருக்காங்க. போடாத சட்டையைத் தெனமும் துவைச்சுக் காயப்போடுவாங்க." சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. "அங்க அவங்களுக்கு ஒரு நாய் இருக்கு டீச்சர். கறுப்பு நாய். கலுன்னு பேரு. காது ஒண்ணு கிழிஞ்சிருக்கும். அவ பஸ்ஸ விட்டு எறங்கினா சந்தி வரைக்கும் ஓடி வரும். ராத்திரியில அவ இல்லன்னு அழுவுதாம்."

கோப்பு ஆள் பேனாவை எடுத்தார். சொன்னது அத்தனையும் உண்மை. ஆளை மட்டும் மாற்றிவிட்டாள். எத்தனையோ நாளாகச் சொல்ல முடியாமல் நெஞ்சில் வைத்திருந்த நாயைச் சொல்ல அந்தக் குழந்தைக்குக் கிடைத்த ஒரே வழி அதுதானா, இல்லை, "ஒரு இடம் கூடும்" என்று அப்பா சொன்னது வேலை செய்ததா என்று துஷாரிக்குப் புரியவில்லை. இரண்டையும் கொடுத்தது அந்த வீடுதான்.

டீச்சர் துஷாரியைப் பார்த்தார். "அப்படியாம்மா?"

முதலில் துஷாரி நடுவில் நழுவத்தான் பார்த்தாள். "சின்னப் பிள்ளை டீச்சர், விளையாட்டா சொல்றா. அவங்க இங்கதான் இருக்காங்க. தானத்துக்குப் போயிருக்காங்க."

"விளையாட்டுக்கு இவ்வளவு விவரமா?" என்றார் கோப்பு ஆள். "நாய்க்குக் காது கிழிஞ்சது வரைக்கும் சொல்றாளே."

டீச்சர் குனிந்தார். "மகளே, விளையாட்டுக்குச் சொன்னியா?"

"இல்ல டீச்சர்." வினுகி நிமிர்ந்து அவர் கண்ணைப் பார்த்தாள், லேசாகச் சிரித்தாள். "நான் பொய் சொல்ல மாட்டேன் டீச்சர்."

கோப்பு ஆள் ஏதோ எழுதத் தொடங்கினார். அந்தப் பேனா நகர்வதை மட்டும் துஷாரி பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும், இன்றைக்கே நாரம்மலைக்குப் போய்விடலாம். ஆனால் இந்தப் பிள்ளையை எங்கே கூட்டிக்கொண்டு போவது? எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தச் சிரிப்பும் கூட வருமே. கொத்தமல்லித் தண்ணீரைப் புகட்டிய கை நினைவுக்கு வந்தது. உங்கள் வாய் வார்த்தைதான் பத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனாளே.

"எழுதாதீங்க," என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அந்த நாய் எங்களோடது. நாரம்மல வீடும் எங்களோடதுதான். அவங்க இல்ல, நாங்கதான் பள்ளிக்கூடத்துக்காக இங்க வந்து உக்காந்திருக்கோம். பின்கட்டுப் பிள்ளை பிறந்ததே இங்கதான். யாரை வேணா கேட்டுப் பாருங்க."

அப்போது வினுகி எழுந்து நின்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. அம்மா பாடத்தை மறந்துவிட்டாள், அம்மாவைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ. டீச்சரின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா பொய் சொல்றாங்க டீச்சர். எங்களுக்கு நாய் இல்ல. எனக்கு நாயே இல்ல."

துஷாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். வெட்கப்படவில்லை.

டீச்சர் குடையை எடுத்துக்கொண்டார். "நான் எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன்மா," என்றார். "எல்லா வீட்டுலயும் பிள்ளைங்க ஒரு இடத்துல தடுமாறிரும். இந்தப் பிள்ளை தடுமாறவே இல்ல." அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லலந்த போனில் கத்தினான். "உனக்கென்ன புத்தி பேதலிச்சுப்போச்சா? சும்மா நின்னிருந்தா முடிஞ்சிருக்குமேடி! உன் பிள்ளைக்கு இருக்கிற சாமர்த்தியம்கூட உனக்கு இல்லையே!"

"அந்தச் சாமர்த்தியத்தைப் பாத்துத்தான் சொன்னேன்," என்று துஷாரி போனை வைத்துவிட்டாள்.

மங்கலிகா அன்று சாயங்காலம்தான் வந்தாள். துஷாரி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். மங்கலிகா திட்டவும் இல்லை, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் இல்லை. "கடைசியில சொன்னீங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மறுநாளே ஆட்கள் மறுபடி வந்து பின்கட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

லலந்த அனுப்பிய வேனில் சாமான் ஏற்றும்போது திசரி வாசல்வரை வந்தாள். வினுகி ஓடினாள். திசரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னைப் பத்தி நீ டீச்சர்கிட்ட அப்பிடிச் சொன்னியாமே."

வினுகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்மேல கோவப்படக் கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்க. அதனால கோவப்படல. ஆனா இனிமே உன்கிட்ட பேச மாட்டேன்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். வழியில் எறும்பு வரிசை குறுக்கே போயிற்று. திசரி தாண்டிப் போனாள். வினுகி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். துஷாரி வந்து கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள்.

நாரம்மலைச் சந்தி திரும்பும்போதே கலு ஓடிவந்துவிட்டது. வேனோடு கூடவே ஓடி, கதவு திறந்ததும் மேலே தாவி, வாலை ஆட்டி, ஊளையிட்டு, வினுகியின் முகமெல்லாம் நக்கியது. கிழிந்த காது குதிக்கும்போதெல்லாம் மடிந்து மடிந்து விழுந்தது. வினுகி அசையவில்லை. இரண்டு கையையும் உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு, யாரோ தெரியாத நாய் வந்து மோந்தது போல நின்றாள். லலந்த வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள்.

வினுகி முதலில் அவர்களைப் பார்த்தாள். அப்புறம் அப்பாவை. அப்புறம் தாயின் சேலையைப் பிடித்துக் கீழே இழுத்து, அவள் காதில் மெல்லக் கேட்டாள்:

"அம்மா, இப்ப இது யாரோட நாய்னு சொல்லணும்?"